கடலம்மா பாத்திட்டா

2025 மார்ச் 14, வெள்ளிக்கிழமை மாலை, கல்குளம் வட்டம் புன்னவிளையில், அங்கன்வாடி ஆசிரியை அஜிதா சாலையோரத்து அயனிமரத்தின் பின்னால் ஒளிந்து நின்றாள்.

கையில் துணிப்பை. துணிப்பைக்குள் வாழையிலையில் பொதிந்த பொரோட்டா. அதுவரைக்கும் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. பொரோட்டாவின் மேல், கழுத்தில் நூல் சுற்றிய ஒரு பிளாஸ்டிக் கவர் சிவந்த கோழிச் சால்னாவோடு தொளதொளவென்று கிடந்தது. அதை நினைத்தாலே அவளுக்கு வியர்த்தது.

செல்போன் அடித்தது. கணவன் முருகதாஸ்.

"எங்கட்டி நிக்கிய?"

"மரத்துக்குப் பொறத்தால."

"மரத்துக்குப் பொறத்தால என்ன சோலி?"

"மெள்ளப் பேசுங்க. ஜாஸ்மியும் அவ அம்மையும் வாறாவ. அவிய கடந்து போவட்டும்."

"அக்காளும் அத்தானும் திற்பரப்பு அருவியில குளிச்சிட்டு அகோரப் பசியில வந்திருக்காவ. நீ ஒரு நாலு வயசுப் பிள்ளைக்குப் பயந்து ஒளிச்சு நிக்கிய. நாணக்கேடு."

நாணக்கேடுதான். அஜிதாவுக்கும் அது தெரியும். சொல்லாமல் வந்த விருந்தாளிகளுக்காக, தன்னை யாருக்கும் தெரியாத அடுத்த ஜங்ஷன் வரை போய், முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு வாங்கிய சால்னா அது. "பாத்திரம் கொண்டு வரலியா?" என்று கடைக்காரன் கேட்டபோது, யாரோ அவளுடைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதுபோல இருந்தது.

எல்லாவற்றுக்கும் காரணம் அவள் கண்டுபிடித்த ஒரு விளையாட்டு.

போன வருடம் நாகர்கோவிலில் நடந்த பயிற்சியில், சின்னப் பிள்ளைகளுக்குச் சுற்றுச்சூழலைப் பாடமாக நடத்த வேண்டாம், விளையாட்டாகக் கொடுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். அஜிதா உண்மையாகவே உழைத்தாள். கை கழுவும் தண்ணீர் கீரைப்பாத்திக்குப் போனது. முட்டைத்தோடு உரக்குழிக்குப் போனது. குழியில் நெளிந்த மண்புழுக்களுக்குப் பிள்ளைகள் ஆளுக்கொரு பெயர் வைத்தார்கள்; ஒரு புழுவுக்கு வார்டு மெம்பரின் பெயர் விழுந்ததை மட்டும் மாற்ற வேண்டி வந்தது. ஆனால் ஊரைப் புரட்டிப் போட்டது 'கடலம்மா' விளையாட்டு.

விதி சுலபம். யார் கையிலாவது பிளாஸ்டிக் கவரைக் கண்டால் அவர் முன்னால் போய் நிற்க வேண்டும். இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு, "கடலம்மா பாத்திட்டா!" என்று சொல்ல வேண்டும். அவர் அதை மாற்றும்வரை கண்ணைத் திறக்கக் கூடாது. துணிப்பை வைத்திருப்பவர்களிடம், "பை தொறங்க" என்று கேட்டு உள்ளே பார்ப்பது விளையாட்டின் இரண்டாம் பாகம். மையத்தில் உதவியாளர் சொர்ணம்மாள் கவரும் கையுமாகக் குற்றவாளியாக நடித்தாள். பிள்ளைகள் சிரித்து உருண்டார்கள்.

பிறகு பிள்ளைகள் தெருவில் இறங்கினார்கள்.

பலசரக்குக் கடை நாராயணபெருமாள் கடுகைக் கவரில் போட்டுக்கொண்டிருந்தபோது வாசலில் ஏழெட்டுப் பிள்ளைகள் கண்ணைப் பொத்தி நின்றன. வியாபாரம் நின்றது. மறுநாள் அவர் காகிதப் பொட்டலத்துக்குத் திரும்பினார். மெம்பர் வீட்டுக் கல்யாணப் பந்தியில் இலைக்கொரு தண்ணீர்க் குப்பி வைத்திருந்தார்கள். பிள்ளைகள் வரிசைக்கு முன்னால் நின்றன. பருப்பு ஊற்ற வந்தவன் வாளியோடு அப்படியே நின்றான். ஓய்வுபெற்ற சப்-இன்ஸ்பெக்டர் குமாரதாஸ், கொலைக் கேசெல்லாம் விசாரித்த மனிதர், பால் கவரோடு பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் பதுங்கியதைப் பலர் பார்த்தார்கள்.

திட்டினால் திருப்பித் திட்டலாம். அபராதம் போட்டால் ஆளைப் பிடித்துப் பேசிப் பார்க்கலாம். கண்ணைப் பொத்திக்கொண்டு பொறுமையாக நிற்கிற பிள்ளையை என்ன செய்ய முடியும்? ஊர் திருந்தியது. கடைகளில் துணிப்பை, மீனுக்குத் தேக்கிலை, வீட்டுக்கு வீடு தூக்குவாளி. செய்தி பரவி, சென்னையிலிருந்து இளநாற்று அறக்கட்டளை என்ற அமைப்பு திங்கட்கிழமை நேரில் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தது. அவர்கள் மாவட்டத்தில் ஒரே ஒரு மையத்தைத் தேர்ந்தெடுத்துப் பிள்ளைகளுக்குக் கழிப்பறை கட்டிக் கொடுப்பார்கள். புன்னவிளை மையத்தில் கழிப்பறை கிடையாது. பிள்ளைகள் தேங்காய்த் தொண்டுக் குவியலுக்குப் பின்னால்தான் போக வேண்டும். மழை நாளில் சொர்ணம்மாள் குடை பிடித்துக்கொண்டு நிற்பாள். பெண்பிள்ளைகள் தண்ணீர் குடிக்காமல் வீட்டுக்குப் போகும்வரை அடக்கிக்கொண்டு இருப்பதை அஜிதா தினமும் பார்க்கிறாள்.

அந்தக் கழிப்பறைதான் இப்போது அவளுடைய பைக்குள் இருந்த சால்னாவில் மிதந்துகொண்டிருந்தது.

காலடிச் சத்தம் நெருங்கியது. அஜிதா கவரை மட்டும் வெளியே எடுத்து முதுகுப் பக்கம் இடுப்பில் செருகி, முந்தானையால் மூடினாள்.

"டீச்சரே! இங்ஙன நிண்ணு என்ன செய்யுதிய?" என்றாள் ஜாஸ்மியின் அம்மா ஷைனி.

"சும்மா... காத்து வாங்குதேன்."

"அயனிமரத்துக்குப் பொறத்தாலயா?"

ஜாஸ்மி முன்னால் வந்தாள். "டீச்சர், பை தொறங்க."

அஜிதா திறந்து காட்டினாள். ஜாஸ்மி தலையைப் பைக்குள் நுழைத்து மோந்து பார்த்து, வெளியே எடுத்தாள்.

"எலை! நல்ல டீச்சர்."

இந்தப் பாராட்டை வாங்கிக்கொண்டிருக்கும்போதே நூல் அவிழ்ந்தது. கொதிக்கிற சால்னா அஜிதாவின் இடது காலில் கோடாக இறங்கிச் செருப்பில் நிறைந்தது. அவள் முகம் மாறியதைப் பார்த்து ஷைனி கீழே பார்த்தாள்.

"எம்மா! டீச்சருக்க காலுல ரத்தம்!"

உண்மையைச் சொல்ல அதுதான் நல்ல சமயம். அஜிதா அதை விட்டுவிட்டாள்.

"விழுந்துட்டேன்."

"எங்க?"

"அங்ஙன... ஒரு கல்லுல."

"டீச்சர் மேல சிக்கன் மணக்குது," என்றாள் ஜாஸ்மி.

"வாயப் பொத்துட்டி! அவியளுக்கு ரத்தம் ஒழுகுது, ஒனக்குச் சிக்கன் கேக்குதா? இருங்க டீச்சர், நான் பாக்கட்டு."

ஷைனி குனிவதற்குள் அஜிதா நடையைக் கட்டினாள். விழுந்தவள் நொண்ட வேண்டும் என்பது கொஞ்ச தூரம் போன பிறகுதான் நினைவுக்கு வந்தது. அப்புறம் நன்றாகவே நொண்டினாள். வலது காலில்.

வீட்டில் விருந்தாளிகள் பொரோட்டாவைச் சாயாவில் முக்கிச் சாப்பிட்டார்கள். "டீச்சர் வீட்டுல சால்னாகூடத் தடையாக்கும்," என்று முருகதாஸின் அக்காள் தன் புருஷனிடம் சொன்னதை அஜிதா அடுக்களையில் நின்று கேட்டாள்.

அவர்கள் போன பிறகு, அந்தக் காலிக் கவரைக் கழுவி மச்சுக்கு எடுத்துப் போனாள். அதைக் கீழே போட முடியாது. பிளாஸ்டிக் குப்பையை வாங்க வரும் வண்டிக்குப் பின்னால் பிள்ளைகள் ஊர்வலமாக வரும். எந்த வீட்டிலிருந்து என்ன வருகிறது என்று பார்க்கும். அதனால் எட்டு மாதத்துப் பால் கவர், எண்ணெய்க் கவர், பிஸ்கட் கவர், ஷாம்பு பாக்கெட் எல்லாம் சாக்குச் சாக்காக மச்சில்தான் இருந்தன.

"ஊரு பூரா சுத்தம்," என்றான் கீழிருந்து முருகதாஸ். "நம்ம மச்சு மட்டும் பழைய சாமான் ஆக்கர் கடை. ஒரு தராசு வச்சா வியாபாரம் தொடங்கலாம்."

அஜிதா சாக்கின் வாயைக் கயிற்றால் கட்டினாள். அவளைத் தின்றுகொண்டிருந்த கேள்வி வேறு. மற்ற வீடுகளில் எப்படி முடிகிறது? ஷைனி வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. குமாரதாஸ் வீட்டில் ஆறு பேர். அவர்கள் வீட்டிலிருந்து ஒரு கவர்கூட வண்டிக்குப் போவதில்லை. அவர்களால் முடிகிறது, சொல்லிக் கொடுத்தவளால் முடியவில்லை. காலையில் பிள்ளைகள் முன்னால் நின்று கடலைப் பற்றிப் பேசும்போது, தன்னுடைய குரலே தனக்குக் கேட்காமல் இருந்தால் நன்றாயிருக்கும் என்று அவளுக்குத் தோன்றும்.

மறுநாள் காலையில் வாசல் நிறைய ஆட்கள். துணிப்பைகளில் ஆரஞ்சு, ரொட்டி, பேயன்பழம். நடுவில் ஷைனி வர்ம வைத்தியர் ஞானசிங் ஆசானைக் கையோடு கூட்டி வந்திருந்தாள். கையில் தட்டுப்பட்ட துணியைக் காலில் சுற்றிக்கொண்டு அஜிதா கட்டிலில் படுத்தாள்.

"எந்தக் காலு?" என்றார் ஆசான்.

அஜிதா யோசித்தாள். சால்னா இறங்கியது இடதில், நொண்டியது வலதில். "ரெண்டும்."

"ரத்தம் வந்தது எடதுல," என்றாள் ஷைனி. "நான் கண்ணால பாத்தேன்."

ஆசான் இடது காலின் கட்டைப் பிரித்தார். லேசான சிவப்பைத் தவிர ஒன்றுமில்லை. "காயத்தக் காணுமே?"

"உள்காயம், ஆசானே."

"உள்காயத்துக்கு ரத்தம் எப்பிடி வெளிய வரும்?"

"வந்துச்சு ஆசானே," ஷைனி விடவில்லை. "கட்டியா வந்துச்சு. மேல எண்ணெகூட மிதந்துச்சு."

ஆசானின் முகம் கறுத்தது. "எண்ணெ மிதந்துச்சா? டீச்சரே, ஒங்களுக்குக் கொழுப்பு எத்தன இருக்குன்னு ஆஸ்பத்திரியில பாத்தியளா?"

கதவோரம் நின்ற முருகதாஸ் இருமிக்கொண்டு வெளியே போனான்.

ஆசான் முட்டுக்குக் கீழே ஓரிடத்தில் பெருவிரலை வைத்து அழுத்தினார். அஜிதா போட்ட அலறலில் பொய் இல்லை. "கண்டியளா, வர்மம் கொண்டிருக்கு," என்று கூட்டத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு, பாதத்தைப் பிடித்து ஒரு திருகு திருகி இழுத்தார். உள்ளே எங்கோ மடக் என்றது. முட்டை வெள்ளையும் உளுந்துமாவும் பூசி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார்.

"செவ்வாக்கிழமை வர தரையில கால் ஊணப்படாது."

எல்லோரும் போன பிறகு முருகதாஸ் வந்து கட்டிலில் உட்கார்ந்தான். "வலிக்குதா?"

"இப்ப நெசமாவே வலிக்குது."

"சால்னா வாங்கப் போனவ நல்ல காலைக் குடுத்து ஒடிச்சு வாங்கிட்டு வந்திருக்கா. திங்கக்கிழமை எப்பிடிப் போவ?"

அவள் அறக்கட்டளையின் இயக்குநர் மீனலோசனிக்குப் போன் செய்தாள். வருகையைத் தள்ளிப்போட முடியுமா என்று கேட்கத்தான். அந்த அம்மாள் மிகுந்த பரிவோடு பேசினார்.

"தள்ளிப்போட வேண்டாங்க. நீங்க வர முடியலன்னா என்ன, நாங்க உங்க வீட்டுக்கு வரோம். குழந்தைகளையும் அம்மாக்களையும் அங்கேயே வரச் சொல்லிடுங்க. ஆசிரியர் வாழ்ந்து காட்டுற வீடு! உங்க சமையலறை, மாடி, எல்லாத்தையும் படம் எடுத்துக்கறோம்."

அஜிதா நன்றி சொல்லி வைத்தாள். பிறகு மச்சைப் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆலோசனை நடந்தது.

"எரிச்சுரட்டா?" என்றான் முருகதாஸ்.

"குமாரதாஸ் சாருக்கு மூக்கு கூர்மை."

"கால்வாயில தள்ளிரட்டா?"

"அதுக்கு என்னையத் தூக்கித் தள்ளுங்க." இதை அவள் மனதாரச் சொன்னாள். அந்த அளவுக்காவது தன்னிடம் நேர்மை மிச்சமிருக்கிறதே என்று ஒரு நிமிடம் ஆறுதலாகக்கூட இருந்தது.

"குப்பை பிரிக்கிற கூடத்துக்கு?"

"ஞாயித்துக்கிழமை பூட்டு."

முருகதாஸ் தலையைச் சொறிந்தான். "அப்ப ஒரே எடம்தான் உண்டு. ஒனக்க அங்கன்வாடி. கூட்டம் பூரா நாளைக்கு இங்க. அங்க எவன் போவான்? ஸ்டோர் ரூம்ல வச்சுப் பூட்டிருவோம். செவ்வாக்கிழமை எடுத்துக்கலாம்."

பிள்ளைகளுக்குக் கடலைப் பற்றிச் சொல்லிக் கொடுக்கிற அதே கட்டிடம். அஜிதா சாவியை எடுத்துக் கொடுக்கும்போது அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

கோயிலில் பூசை நடக்கும் நேரம் தெரு காலியாக இருக்கும். அந்த நேரத்தில் முருகதாஸ் ஒரு சுமை ஆட்டோவில் சாக்குகளைக் கொண்டு போனான். வேர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்தான்.

"ஸ்டோர் ரூம்ல எடமே இல்ல கேட்டியா. சத்துமாவு சாக்கு நெறயக் கெடக்கு. மேல ஏத்தி, மிதிச்சு, கதவ முதுகால தள்ளிப் பூட்டியிருக்கேன்."

சத்துமாவு வர இன்னும் ஒரு வாரம் இருக்கிறதே என்று அஜிதாவுக்குத் தோன்றியது. முன்கூட்டியே வந்திருக்கும், இன்னொரு சாவி வைத்திருக்கும் சொர்ணம்மாள் இறக்கி வைத்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டாள். நினைக்க வேறு நிறைய இருந்தது.

திங்கட்கிழமை எல்லாம் ஒழுங்காக நடந்தது. மீனலோசனி கைத்தறிப் புடவையும் செம்புக் குப்பியுமாக வந்து இறங்கினார். கூடவே ஒரு புகைப்படக்காரர். நாகர்கோவிலில் வாடகைக்கு எடுத்த காரின் டிரைவர் ஞானதாசன் மட்டும் வண்டியை விட்டு வராமல் டிக்கியில் சாய்ந்து நின்றான். "மேடம், கேமரா ஸ்டாண்ட் டிக்கியில இருக்கு," என்றார் புகைப்படக்காரர். "வேண்டாம், கையிலயே எடுங்க," என்றார் மீனலோசனி சட்டென்று.

பிள்ளைகள் மண்புழுக்களின் பெயரைச் சொன்னார்கள். சொர்ணம்மாள் குற்றவாளியாக நடித்தாள். பிள்ளைகள் கண்ணைப் பொத்தி, "கடலம்மா பாத்திட்டா!" என்று கத்தினார்கள். தாய்மார்கள் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மச்சைப் படம் எடுத்தார்கள். அது பளிச்சென்று இருந்தது.

"வீட்டுல ஒரு துண்டு பிளாஸ்டிக் இல்லை!" மீனலோசனியின் கண் கலங்கியது. "எப்படிங்க முடியுது உங்களால?"

அஜிதா காலைப் பார்த்துக்கொண்டாள். "பழகிட்டு மேடம்."

"எனக்கு வேற எந்த மையத்தையும் பார்க்க வேண்டாம். கழிப்பறை இங்கதான். வாங்க, இடத்தை மட்டும் பார்த்துடலாம்."

"எந்த எடம் மேடம்?"

"அங்கன்வாடியிலதானே கட்டணும்?"

"எனக்கு நடக்க ஒக்காதே மேடம்."

"நீங்க இல்லாம எப்படி?" என்றவர் சுற்றிலும் பார்த்தார். "நாற்காலியோட தூக்கிட்டு வர முடியாதா?"

முடிந்தது. ஒருபக்கம் முருகதாஸும் மறுபக்கம் குமாரதாஸும் மர நாற்காலியைத் தூக்கினார்கள். திருவிழாச் சப்பரத்தில் சுரூபம் போவதுபோல அஜிதா தெருவில் போனாள். முன்னால் புகைப்படக்காரர் பின்னோக்கி நடந்தார். பின்னால் பிள்ளைகள் பாட்டுப் பாடின. கடை வாசலில் நாராயணபெருமாள் எழுந்து நின்று கும்பிட்டார். யாராவது ஒருவர் கல்லெடுத்து எறிந்தால் நன்றாயிருக்கும் என்று அவளுக்கு இருந்தது. தாய்மார்கள் யாரும் பேசவில்லை. எல்லோருடைய முகமும் வெளிறியிருந்தது. வெயில் என்று அஜிதா நினைத்தாள்.

மையத்தின் பின்பக்கம் போய் மீனலோசனி கையால் அளந்து பார்த்தார். "இந்த ஸ்டோர் ரூம் சுவரை ஒட்டிக் கட்டலாம். உள்ள எவ்வளவு அகலம்? திறங்க, பார்த்துடலாம்."

"சாவி வீட்டுல இருக்கு மேடம்," என்றாள் அஜிதா.

"எங்கிட்டயும் இல்ல மேடம்," என்றாள் சொர்ணம்மாள், யாரும் கேட்காமலே.

"உள்ள பாம்பு கெடக்குன்னு சொன்னாவ," என்றாள் ஷைனி.

"பூட்டு துருப்பிடிச்சுப் போச்சு," என்றார் குமாரதாஸ். பூட்டு புத்தம் புதியதாக மின்னியது.

"சாவி சொர்ணம்மாக்க இடுப்புல கெடக்கு," என்றாள் ஜாஸ்மி.

கெடந்தது. பிள்ளை சுட்டிக்காட்டிய பிறகு அதை மறைக்க முடியவில்லை. சொர்ணம்மாள் சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்தாள். கதவு தானாகவே வெளியே தள்ளிக்கொண்டு வந்தது. முதல் சாக்கு மீனலோசனியின் காலடியில் விழுந்து வெடித்தது. பிறகு ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்து வந்தன. பால் கவர், எண்ணெய்க் கவர், மிட்டாய்க் கவர், தண்ணீர்க் குப்பி; காற்றில் பறந்த ஒரு சிப்ஸ் கவர் புகைப்படக்காரரின் கேமராவில் ஒட்டிக்கொண்டது.



பிறகு பிள்ளைகள் வரிசையாக வந்து நின்றன. இரண்டு கையாலும் கண்ணைப் பொத்தின. "கடலம்மா பாத்திட்டா!"

யாரும் அசையவில்லை. விதிப்படி அதை மாற்றும்வரை பிள்ளைகள் கண்ணைத் திறக்கக் கூடாது. அவர்கள் திறக்கவில்லை. யாரைப் பார்த்துச் சொல்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியாது. அதனால் அங்கிருந்த ஒவ்வொருவரையும் பார்த்துச் சொன்னதுபோல இருந்தது.

"டீச்சர், கண்ணு தொறக்கட்டா?" என்றாள் ஜாஸ்மி.

"இன்னும் இல்ல மக்கா."

"கை வலிக்குது டீச்சர்."

அஜிதா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். கால் உயிர் போனது. "மேடம், அதுல கயிறு கட்டின சாக்கு எல்லாம் எனக்க வீட்டுக்குள்ளது. எட்டு மாசமா மச்சுல ஒளிச்சு வச்சிருந்தேன். நேத்துதான் இங்க கொண்டு போட்டோம். எனக்குக் காலுல அடியும் படல்ல. அண்ணைக்கு வந்தது ரத்தம் இல்ல, சால்னா."

"நான் அப்பவே சொன்னேன்," என்றாள் ஜாஸ்மி, கையை எடுக்காமல்.

மீனலோசனி எதுவோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் ஷைனி முன்னால் வந்தாள். அவள் கழுத்து வரை சிவந்திருந்தது.

"டீச்சர்... அந்தப் பச்சைச் சாக்கு ரெண்டும் எனக்குள்ளது."

"அரிசிச் சாக்கு எனக்கது," என்றாள் சொர்ணம்மாள். அழுதுகொண்டே தொடர்ந்தாள். "ஊருல வந்து வீடு வீடாப் பாத்துருவாவளோன்னு எல்லாருக்கும் பயம். பின்ன ஒங்க வீட்டுல வச்சாக்கும் நிகழ்ச்சின்னு கேட்டதும் சனிக்கிழமையே எல்லாரும் எங்கிட்ட கொண்டு வந்து தந்தாவ. இங்க யாரு வரப் போறான்னு..."

குமாரதாஸ் குவியலுக்குள் கையை விட்டு ஒரு சாக்கை இழுத்து வெளியே வைத்து, அதன் பக்கத்தில் விறைப்பாக நின்றார். "ஒங்க கண்ணுல படப்பிடாதுன்னு கட்டிலுக்கு அடியில வச்சிருந்தேன், டீச்சர். கெழவனுக்குப் போலீஸ் புத்தி."

"எனக்க கண்ணுலயா?" என்றாள் அஜிதா.

"நீங்க மட்டும் ஒரு கவரு இல்லாம இருக்கியளே. நமக்கு ஒக்கல்லியேன்னு நாணம்."

ஒவ்வொருவராக வந்து தங்கள் சாக்குக்குப் பக்கத்தில் நின்றார்கள். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. பிள்ளைகள் மட்டும் வெயிலில் கண்ணைப் பொத்தியபடி நின்றிருந்தன.

மீனலோசனி புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு தொண்டையைக் கனைத்தார். "இதை நான் எதிர்பார்க்கலை. உங்க சிரமம் எனக்குப் புரியுது. ஆனா எங்க அறக்கட்டளைக்குன்னு ஒரு நெறிமுறை இருக்கு. சொல்றதுக்கும் செய்யறதுக்கும் வித்தியாசம் இருக்கிற ஒரு மையத்துக்கு, மனசாட்சிப்படி, நாங்க..."

அப்போதுதான் டிரைவர் ஞானதாசன் சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு கூட்டத்தை விலக்கி வந்தான். குவியலைப் பார்த்தான். பக்கத்தில் நின்றவர்களைப் பார்த்தான். முகம் தெளிந்தது.

"மேடம், ஊரு எல்லையில வச்சு நம்ம டிக்கியில ஒளிச்ச தண்ணிக் குப்பியையும் சாப்பாட்டுக் கவரையும் ஃப்ளெக்ஸையும் இங்ஙனயே எறக்கிரட்டா?"

டிக்கியிலிருந்து மூன்று சாக்கு இறங்கியது. ஜூன் மாதம் கழிப்பறைக்கு அஸ்திவாரம் தோண்டினார்கள்.